சண்டைப் படங்களில் இறந்துபோகும் வழிப்போக்கர்களை என்னால் ஏன் கடந்துபோக முடியவில்லை?

துரத்தல் காட்சியில் கார் ஒன்று நடைபாதைக் கடைக்குள் பாய்கிறது, அங்கு நின்றிருந்தவர் தூக்கியெறியப்படுகிறார், நாயகன் தப்பித்ததும் அரங்கம் கைதட்டுகிறது, நான் மட்டும் அந்த மனிதர் என்ன ஆனார் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். "இது சினிமா" என்று நண்பர்கள் சிரிப்பதாகவும், உங்களிடம் ஏதேனும் கோளாறா, இத்தகைய படங்களைப் பார்ப்பதையே விட்டுவிட வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது சினிமா என்பது உங்களுக்கும் தெரியும். ஒரே திரையில் இருவர் இறக்கும்போது ஒருவருக்காக அழவும் மற்றவரைத் தாண்டிப் போகவும் நம்மை எது பழக்குகிறது, அந்தப் பழக்கத்துக்கு உடன்படாத மனம் பழுதுபட்ட மனமா என்பதே உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நான் உளவியல் படித்தவன் அல்லன். படத்தொகுப்பில் உதவியாளனாகத் தொடங்கிப் பல ஆண்டுகள் சண்டைக் காட்சிகளையும் துரத்தல் காட்சிகளையும் தொகுத்தவன். இப்போது அந்தத் தொழிலை இளையவர்களுக்குக் கற்றுத்தருகிறவன். எனவே மனம் எப்படி இயங்குகிறது என்பதைவிட, காட்சி மனத்தை எப்படி இயக்குகிறது என்பதைத்தான் என்னால் உறுதியோடு சொல்ல முடியும்.

அந்த இரக்கம் உங்களுக்கு மட்டும் உரியதன்று. படப்பிடிப்பில் எடுத்துவந்ததை இசையும் ஒலியும் சேர்க்காமல் முழு நீளத்தில் ஓட்டிப் பார்க்கும்போது, வழிப்போக்கர் அடிபடும் இடத்தில் அறையில் இருப்பவர்கள் சட்டென்று அமைதியாகிவிடுவதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். இயக்குநர், உதவியாளர்கள், தேநீர் கொண்டுவந்தவர் என்ற வேறுபாடு அதில் இருப்பதில்லை. அதே காட்சி இறுதி வடிவம் பெற்று அரங்குக்கு வரும்போது அந்த அமைதி காணாமல் போயிருக்கும். இரண்டுக்கும் இடையில் மனிதர்களின் இயல்பு மாறிவிடவில்லை. காட்சியிலிருந்து சிலவற்றை நாங்கள் எடுத்துவிட்டோம், சிலவற்றைச் சேர்த்துவிட்டோம்.

எதை எடுக்கிறோம் என்பதைச் சற்று அருகில் சென்று காட்டுகிறேன். பழக்கடைக்காரராக நடிக்க வந்திருக்கும் துணை நடிகர், கேமரா ஓடத் தொடங்கிய பிறகும் "ஆக்‌ஷன்" என்ற குரல் வரும்வரை சும்மா நிற்பதில்லை. எலுமிச்சைகளைக் குவித்து வைப்பார், தோள் துண்டால் தராசுத் தட்டைத் துடைப்பார், பக்கத்தில் நிற்கும் இன்னொரு துணை நடிகரிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பார். பிறகு கார் வரும் ஓசையைக் கேட்டு நிமிர்வார். அந்த நிமிர்ந்த முகத்தை இரண்டு விநாடி வைத்திருந்தால் பார்ப்பவர் மனத்தில் "யார் இவர்?" என்ற கேள்வி பிறந்துவிடும். ஒரு விநாடிக்கு 24 பிரேம்; நாங்கள் அந்த முகத்துக்குப் பெரும்பாலும் 10 அல்லது 12 பிரேம் மட்டுமே தருவோம். ஆபத்து என்று உணர்த்த அது போதும். ஒரு மனிதர் என்று அறிமுகப்படுத்த அது போதாது. கார் மோதும் ஷாட்டில் நிற்பவர் அந்த நடிகர் அல்லர், அவருடைய உடையை அணிந்த டூப். அவர் முகம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே கேமரா முதுகுப் பக்கமோ தூரத்திலோ வைக்கப்பட்டிருக்கும். ஆகவே அடிபடுகிறவருக்கு முகம் இல்லாமல் போவதற்குப் பாதிக் காரணம் வெறும் தொழில்நுட்பத் தேவை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். மீதிப் பாதி நாங்கள் தெரிந்தே செய்வது. உடல் தரையில் வந்து அசைவற்றுப் போவதற்கு முன்பே, அது காற்றில் இருக்கும்போதே, அடுத்த ஷாட்டுக்குத் தாவிவிடுவோம். அடுத்த ஷாட் பெரும்பாலும் ஓட்டுகிறவரின் கண்கள். ஒலிகளைக் கலக்கும் மிக்ஸிங்கில் அலறலைக் குறைத்து, கண்ணாடி நொறுங்கும் ஓசையையும் டயர் தேயும் ஓசையையும் ஏற்றுவோம். பின்னணி இசை எங்கும் இடைவெளி விடாது. இவை எல்லாவற்றையும்விடக் கனமானது ஒன்று உண்டு: அவரை நோக்கி யாரும் ஓடிவருவதில்லை. உண்மையான தெருவில் ஒருவர் விழுந்தால் நான்கு பேராவது கூடுவார்கள், தண்ணீர் கேட்பார்கள், ஆட்டோவை நிறுத்துவார்கள். அந்த நான்கு பேரைக் காட்டிவிட்டால் பார்வையாளர் ஐந்தாவது ஆளாக அங்கேயே நின்றுவிடுவார். துரத்தலுக்குத் திரும்பி வரமாட்டார். அதனால்தான் அந்த நான்கு பேர் படத்தில் இருப்பதே இல்லை.

இந்த முறை எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்குப் பால் வெர்ஹூவன் இயக்கிய "டோட்டல் ரீகால்" (1990) படத்தின் நகரும் படிக்கட்டுக் காட்சியை மாணவர்களுக்குக் காட்டுவது வழக்கம். ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் நடித்த நாயகன் படிக்கட்டில் ஏறும்போது மேலிருந்தும் கீழிருந்தும் கொலைகாரர்கள் சுடுகிறார்கள். குண்டு பாய்வது அதே படிக்கட்டில் சென்றுகொண்டிருந்த ஒரு சாதாரணப் பயணிக்கு. நாயகன் அந்த உடலைக் கேடயமாகப் பிடித்துக்கொள்கிறார், மேலும் மேலும் குண்டுகள் அதில் பாய்கின்றன, பிறகு அதைத் துரத்துகிறவர்கள் மேல் வீசிவிட்டு ஓடுகிறார், துரத்துகிறவர் அதை மிதித்துக்கொண்டு ஓடுகிறார். நாயகன் அவரைக் கொல்லவில்லை என்பது சரிதான். ஆனால் அந்தப் பயணி யார், எங்கே போய்க்கொண்டிருந்தார் என்று கேட்பதற்கு ஒரு பிரேம்கூட விடப்படவில்லை. வகுப்பில் பலர் முதல் முறை பார்க்கும்போது நாயகனின் சமயோசிதத்தைத்தான் கவனிக்கிறார்கள். உங்களைப் போல அந்தப் பயணியைக் கவனிக்கிறவர் ஒருவர் இருவர் எப்போதும் இருப்பார்கள். தொகுப்பாளராகத் தேறுகிறவர்கள் பலமுறை அவர்களாகவே இருந்திருக்கிறார்கள்.

எதிர்த்திசையில் நடந்தது ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் "சபோட்டாஜ்" (1936). ஜோசப் கான்ராட் 1907இல் வெளியிட்ட ஒரு நாவலைத் தழுவி எடுக்கப்பட்ட அந்தப் படத்தில், லண்டனில் திரையரங்கு நடத்தும் ஒருவன் தன் மனைவியின் தம்பியான சிறுவனிடம் வெடிகுண்டுப் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்புகிறான். அது பகல் 1:45க்கு வெடிக்கும் என்பது நமக்குத் தெரியும், சிறுவனுக்குத் தெரியாது. தெருவில் பற்பசை விற்பவன் அவனைப் பிடித்து உட்கார வைத்துப் பல் துலக்கிக் காட்டுகிறான். ஊர்வலம் வழியை மறிக்கிறது. நேரமாகிவிட்டதே என்று அவன் பேருந்தில் ஏறப் போகிறான். கையில் படச்சுருள் டப்பாக்களும் இருக்கின்றன. அந்நாளைய சுருள்கள் எளிதில் தீப்பற்றும் என்பதால் அவற்றைப் பேருந்தில் கொண்டுபோகக் கூடாது. நடத்துநர் தயங்கிவிட்டு, சிறுவன்தானே என்று ஏற்றிக்கொள்கிறார். பக்கத்து இருக்கையில் ஒரு பெண்மணி; அவரிடம் ஒரு நாய்க்குட்டி; சிறுவன் அதோடு விளையாடுகிறான். கடிகாரங்கள் மாறி மாறி வருகின்றன. பேருந்து வெடிக்கிறது. பார்வையாளர்கள் கொதித்துப்போனார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவுடன் நடத்திய நீண்ட உரையாடலில், அச்சிறுவன் மேல் அவ்வளவு பரிவை வளர்த்துவிட்டு அவனைக் கொன்றது பெரும் பிழை என்று ஹிட்ச்காக்கே ஒப்புக்கொண்டார்.

இந்தக் காட்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் சிறுவனைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அந்தப் பேருந்தில் நடத்துநரும் இருந்தார். விதியைச் சற்றுத் தளர்த்தி ஒரு பிள்ளைக்கு இடம் கொடுத்ததே அவர் செய்தது. அந்தப் பெண்மணி இருந்தார், பெயர் தெரியாத மற்றப் பயணிகள் இருந்தார்கள். சிறுவனுக்காகக் கொதித்த அதே பார்வையாளர்கள் அவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை. இரக்கம் எங்கே போய்ச் சேர்கிறது என்பது, இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்ததாக இல்லை. யாரோடு நாம் வழி நடந்தோம் என்பதைப் பொறுத்ததாக இருக்கிறது.

திரைக்கு வெளியிலும் இது இப்படித்தான் என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. தெரிந்த ஒருவரின் உயிருக்கும் புள்ளிவிவரத்தில் வரும் உயிருக்கும் நாம் தரும் மதிப்பு வேறுபடுவதைப் பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1968இலேயே எழுதினார். 2007இல் டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வில், மாலி நாட்டைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் படத்தையும் கதையையும் பார்த்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். ஆப்பிரிக்காவில் இலட்சக்கணக்கானோர் பசியில் வாடுவதைப் புள்ளிவிவரமாகப் படித்தவர்கள் 1.14 டாலர்தான் கொடுத்தார்கள். சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துத் தந்தபோது தொகை கூடவில்லை, 1.43 டாலராகக் குறைந்தது. கதை பார்ப்பவர்களைப் பற்றி ஊடக உளவியல் ஆய்வாளர் டால்ஃப் சில்மன் வகுத்த கோட்பாடு இதோடு பொருந்துகிறது: பாத்திரங்களின் செயலை நல்லது, கெட்டது என்று எடைபோட்டுக்கொண்டே பார்க்கிறோம், நாம் ஏற்றுக்கொண்டவருக்கு நன்மை நேர்ந்தால் மகிழ்கிறோம், வெறுத்தவருக்குத் தீமை நேர்ந்தாலும் மகிழ்கிறோம். வழிப்போக்கரை எடைபோட நமக்கு அவகாசமே தரப்படுவதில்லை. அவர் நல்லவரும் இல்லை, கெட்டவரும் இல்லை; அதனால் பெரும்பாலோர் மனத்தில் அவருக்கு இடமே அமைவதில்லை. உங்கள் மனத்தில் அமைந்துவிடுகிறது.

தணிக்கைக்கும் இதில் பங்கு உண்டு. பேசப்படாத பங்கு என்பதால் சொல்கிறேன். அமெரிக்காவில் 1984இல் "பிஜி-13" என்ற தரம் வந்தது. வன்முறை இருந்தாலும் பதின்ம வயதினரை அரங்குக்குள் விடக்கூடிய அந்தத் தரம் கிடைத்தால் வசூல் பெருகும். அதைப் பெற எளிய வழி சாவைக் குறைப்பதன்று, இரத்தத்தைக் குறைப்பதுதான். ஒருவர் குண்டடிபட்டு வலியில் துடித்து இறப்பதை உள்ளபடி காட்டினால் தரம் கடுமையாகிவிடும். ஒரு கட்டடமே சரிந்து நூற்றுக்கணக்கானோர் புழுதிக்குள் மறைந்தால் அப்படிக் கடுமையாவதில்லை. 1985க்குப் பின் இத்தரப் படங்களில் துப்பாக்கி வன்முறை மூன்று மடங்குக்கு மேல் கூடியிருப்பதாக 2013இல் "பீடியாட்ரிக்ஸ்" மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு காட்டியது. வலியைக் காட்டாத சாவுதான் பிள்ளைகளுக்குத் தகுந்தது என்ற இந்தக் கணக்கை நான் எக்காலத்திலும் ஏற்றுக்கொண்டதில்லை. இரத்தம் தெரியாததால் அந்த மனிதர் சாகாமல் இருந்துவிடவில்லை. அவர் செத்தது நமக்கு உறைக்காமல் போனது, அவ்வளவுதான்.

உங்களைப் போல வருந்தியவர்கள் சேர்ந்து குரல் கொடுத்ததால் படங்கள் மாறியதும் நடந்திருக்கிறது. சூப்பர்மேன் படமான "மேன் ஆஃப் ஸ்டீல்" (2013) வெளிவந்தபோது, இறுதிச் சண்டையில் ஒரு மாநகரமே தரைமட்டமாவதையும் அங்கிருந்த மக்களைப் பற்றிப் படம் பெரிதாகக் கவலைப்படாததையும் பலர் கடுமையாகக் குறைகூறினார்கள். 2016இல் வந்த தொடர்ச்சி அதே சண்டையைத் தெருவில் நிற்கும் ஒருவரின் கண்வழியாகத் திரும்பக் காட்டித் தொடங்குகிறது: பேட்மேனாகிய புரூஸ் வேய்ன் புழுதிக்குள் ஓடுகிறார், உத்தரத்தின் அடியில் கால் சிக்கிய தம் ஊழியரை மீட்கிறார், ஒரு சிறுமியிடம் உன் அம்மா எங்கே என்று கேட்கிறார், அவள் இடிந்துபோன கட்டடத்தை நோக்கிக் கை காட்டுகிறாள். முந்தைய படத்தில் மறைக்கப்பட்ட எல்லாமே இங்கே திரும்ப வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்: முகம், நேரம், ஓடிவரும் ஒருவர். ஆனால் அதே படம் தன் இறுதிச் சண்டைக்கு வரும்போது, வேலை நேரம் முடிந்து நகரின் நடுப்பகுதி ஏறக்குறையக் காலியாகிவிட்டது என்று தொலைக்காட்சி அறிவிப்பாளரைச் சொல்ல வைக்கிறது. சண்டை போய்ச் சேரும் தீவில் மக்கள் இல்லை என்று ஒரு வசனத்தையும் வைக்கிறது. மக்களுக்காக வருந்துவதைவிட மக்களை அப்புறப்படுத்துவது எளிது என்று முடிவெடுத்துவிட்டார்கள். அதே ஆண்டில் வந்த "கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்" வேறு வழியில் போனது. முந்தைய படத்தில் அழிந்த நகரத்தில் இறந்துபோன ஓர் இளைஞனின் தாய், அயர்ன் மேனாகிய டோனி ஸ்டார்க்கை ஒரு நடைக்கூடத்தில் நிறுத்தி, மகனின் படத்தைக் கையில் கொடுத்துக் கேள்வி கேட்கிறார். சண்டை இல்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. ஒரு நகரம் முழுவதும் வானிலிருந்து விழுந்தபோது செய்ய முடியாததை அந்த ஒற்றைப் புகைப்படம் செய்கிறது. என் மதிப்பீட்டில் இதுவே நேர்மையான வழி. இறந்தவருக்குப் பின்னால் ஒரு வீடு இருந்தது என்று ஒருமுறையாவது அது சொல்லிவிடுகிறது.

இதையெல்லாம் சினிமாதான் கொண்டுவந்தது என்று எண்ணிவிட வேண்டாம். சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையை நினைத்துப் பாருங்கள். மாதரி தந்த மனையில் கண்ணகி சமைத்துப் பரிமாறுகிறாள், கோவலன் உண்கிறான், வெற்றிலை பாக்கு கொடுக்கிறாள், அவன் அவளைத் தேற்றிவிட்டுச் சிலம்போடு புறப்படுகிறான். அத்தனை நேரத்தை இளங்கோ அவனுக்குக் கொடுத்த பிறகே வாள் வீசப்படுகிறது. மதுரை எரியும்போதும் பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விட்டுத் தீயவர் பக்கமே சேர்க என்று கண்ணகி தீக்கு ஆணையிடுகிறாள். குற்றமற்றவர் யார் என்ற கவலை அங்கே இருக்கிறது. ஆனால் அதே நூலின் உரைபெறு கட்டுரை, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பத்தினிக்குச் சாந்தி செய்யப் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்றான் என்று ஒரே தொடரில் சொல்லிச் செல்கிறது. நீர்ப்படைக் காதையிலும் அச்செய்தி வருகிறது. பொய் சொன்னவன் ஒரு பொற்கொல்லன். மற்ற ஆயிரம் பேர் என்ன செய்தார்கள்? கோவலனுக்காகக் கண்ணீர் விட்டுப் படித்த தலைமுறைகள் அந்த வரியைப் பெரும்பாலும் நிற்காமலேயே தாண்டியிருக்கின்றன. உங்கள் மனம் அந்த வரியில் நிற்கக்கூடிய மனம் என்று நினைக்கிறேன்.

இனி ஐயத்துக்குரியவை. இத்தகைய படங்களைப் பார்த்துப் பார்த்து மனிதர்கள் கல்நெஞ்சர்களாகிவிடுகிறார்களா என்ற கேள்விக்கு ஆய்வாளர்களிடையே ஒருமித்த விடை இல்லை. வன்முறைக் காட்சிகளைத் தொடர்ந்து பார்த்ததும் உடலின் பதற்றம் குறுகிய காலத்துக்குக் குறைவதை ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். அது தெருவில் விழுந்தவருக்கு உதவாமல் போகுமளவுக்கு நீடிக்கிறதா என்பதில்தான் கருத்து வேறுபாடு கடுமையாக இருக்கிறது. ஆகவே கைதட்டும் உங்கள் நண்பர்கள் இரக்கமற்றவர்கள் என்று நான் சொல்லமாட்டேன், நீங்களும் அப்படி எண்ண வேண்டாம். காட்சி எந்தப் பக்கம் கையைப் பிடித்து இழுத்ததோ அந்தப் பக்கம் அவர்கள் போனார்கள். நன்றாகத் தொகுக்கப்பட்ட காட்சியில் அப்படிப் போவது இயல்பு. உங்களை மட்டும் அது ஏன் இழுத்துச் செல்லவில்லை என்பதற்கும் என்னிடம் உறுதியான விடை கிடையாது. சிலர் இயல்பாகவே திரையின் ஓரங்களைப் பார்க்கிறவர்கள். சிலருக்கு விபத்தையோ இழப்பையோ நேரில் பார்த்த அனுபவம் இருக்கும். உங்கள் விஷயத்தில் இரண்டாவது காரணம் உண்மையாக இருந்து, படம் முடிந்து நாள்கணக்கில் அந்தக் காட்சி தூக்கத்தைக் கெடுக்குமானால், அது படத்தொகுப்பாளர் பதில் சொல்லும் விஷயம் அன்று. மனநல மருத்துவர் ஒருவரிடம் தயங்காமல் பேசுங்கள். அப்படி இல்லாமல் படம் ஓடும்போதும் அதன் பின் சற்று நேரமும் வருத்தம் இருக்கிறது என்றால், அதில் சரிசெய்ய வேண்டியது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பார்ப்பதை விட்டுவிட வேண்டுமா என்று கேட்டீர்கள். விட வேண்டியதில்லை, தேர்ந்தெடுத்துப் பாருங்கள். வழிப்போக்கர்கள் கடைசி நொடியில் விலகித் தப்புவதையும், தள்ளுவண்டி மட்டும் கவிழ்ந்து அதன் உரிமையாளர் எழுந்து நின்று ஏசுவதையும் சேர்த்தே எடுக்கிற சண்டை இயக்குநர்கள் இருக்கிறார்கள். அந்த ஏச்சைப் படத்தில் வைத்திருப்பதற்கு அரை விநாடி வேகம் குறையும். அதை விட்டுக்கொடுக்கச் சம்மதித்தவர்கள் அவர்கள். நண்பர்களிடம் வாதாடிப் பயனில்லை, ஆனால் ஒன்று செய்து பார்க்கலாம். அவர்களுக்குப் பிடித்த துரத்தல் காட்சியை வீட்டில் ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டு ஓட்டிக் காட்டுங்கள். இசை இல்லாமல் பார்க்கும்போது கண் நாயகனோடு மட்டும் ஓடுவதில்லை, ஓரங்களிலும் தங்கத் தொடங்கும். வகுப்பில் நான் இதைச் செய்யும்போதெல்லாம் யாராவது ஒருவர், "அந்த ஸ்கூட்டரில் போனவர் என்ன ஆனார்?" என்று கேட்டிருக்கிறார். முன்பு அதே காட்சியை ஒலியோடு பார்த்துக் கைதட்டியவர்களும் அப்படிக் கேட்டதுண்டு.